நெல்லுக்கு நெயில் பாலிஷ்

நெல் இலை எத்தனை மணிக்கு வாயைத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்று இந்தக் கடைமடைப் பக்கத்தில் என்னைவிடத் தெரிந்த ஆள் கிடையாது. வயலுக்குப் போகாமலே, வீட்டு வாசலில் நின்று காற்றை மோந்தே சொல்லிவிடுவேன்.

பொய். இலைக்கு வாய் இருக்கிறது என்பதே எனக்குப் போன வருஷம்தான் தெரியும். அதுவும் ஒரு பெண் வந்து சொல்லித் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு மேல் நெல்லுக்கு நடுவிலேயே கிடந்திருக்கிறேன். நாற்றுப் பறித்தேன், கட்டுத் தூக்கினேன், களை எடுக்கிற பெண்களிடம் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு நாளும் அது ஆயிரக்கணக்கான வாயோடு என் எதிரேயே நின்றிருக்கிறது. ஒரு வாய்கூட என்னிடம் பேசியதில்லை. நான் பேசவிட்டால்தானே.

எங்கள் ஊர் திருவாரூருக்குக் கிழக்கே. ஆற்றுத் தண்ணீர் மேலே இருக்கிற ஊரையெல்லாம் நனைத்து முடித்து, மிச்சம் இருந்தால் கடைசியாக வந்து எட்டிப் பார்க்கிற இடம். சில வருஷம் எட்டிப் பார்க்கும். சில வருஷம் பாதி வழியிலேயே படுத்துவிடும். அதற்காக வரப்பில் நின்று நின்றே எங்களுக்கு வயசாகிவிடும். எனக்கு ஆகிவிட்டது. முதுகு இனிமேல் குனிய மாட்டேன் என்று சொல்லிவிட்டது. முழங்கால் அதற்கு ஒத்து ஊதியது. உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று நான் அலைந்துகொண்டிருந்தபோது, ஊர்க்கோடியில் மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரு காலேஜ் பரிசோதனைக்கு எடுத்திருக்கிற நிலத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போய் நின்றேன். தொப்பி போட்ட ஒரு பெண் வரப்பில் நடந்து வந்தாள். ஆராய்ச்சி படிக்கிற பெண்.

"என்ன வேலை மேடம்?"

"தண்ணி பாய்ச்சாம பாத்துக்கணும்."

தண்ணீர் பாய்ச்சுவதற்கு ஆள் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். பாய்ச்சாமல் இருப்பதற்கு ஆள் வைக்கிறதை அன்றுதான் கேட்டேன்.

"அதுக்கு ஆளு எதுக்கு மேடம்? எங்க ஊரு வாய்க்காலு அந்த வேலையத்தான் இத்தனை வருஷமா பாக்குது."

அவள் சிரித்துவிட்டாள். "மேடம்னு சொல்லாதீங்கண்ணே. தங்கச்சின்னே கூப்பிடுங்க," என்றாள். வேலை எனக்குக் கிடைத்துவிட்டது.

அவளுக்கு அது மூன்றாவது வருஷம். முதல் வருஷம் வாய்க்கால் உடைத்துக்கொண்டு காய வேண்டிய பயிரில் தண்ணீர் புகுந்துவிட்டது. இரண்டாம் வருஷம் ஆடு புகுந்துவிட்டது. அந்தக் குறுவை ஒன்றுதான் பாக்கி. அதில் கிடைப்பதை எழுதிக் கொடுத்தால் படிப்பு முடியும், கிடைக்காவிட்டால் மூன்று வருஷமும் வெயிலில் நின்றதுதான் மிச்சம். இதை அவள் முதல் நாளே சொன்னாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "நான் இருக்கேன்ல தங்கச்சி, ஒரு ஆடு உள்ள வராது," என்றேன். ஆட்டைப் பற்றிய அந்த வாக்கை மட்டும் கடைசி வரைக்கும் காப்பாற்றினேன்.

பன்னிரண்டு ரக நெல். ரகத்துக்கு மூன்று பாத்தி. ஆக முப்பத்தாறு பாத்தி. ஒரே ரகத்தின் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை, சீட்டுக் குலுக்கிப் போட்டு வயல் முழுக்கச் சிதறி வைத்திருந்தாள். என் மூன்றாம் வகுப்புப் படிப்பை மதித்து, நம்பரோடு ரகத்துக்கு ஒரு நிறத்தில் துணிக்கொடியும் கட்டினாள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று போய், கடைசி இரண்டுக்கு நிறம் கிடைக்காமல் என் வீட்டுப் பழைய சேலையில் பூப்போட்ட பக்கத்தை ஒன்றுக்கும் கோடு போட்ட முந்தானையை ஒன்றுக்குமாகக் கிழித்துக் கட்டினோம். பயிர் பாதி வளர்கிற வரைக்கும் எல்லாவற்றுக்கும் தண்ணீர். அப்புறம் மூன்று வாரம் சொட்டுக்கூடக் கிடையாது. அப்போது எந்த ரகம் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் பரிசோதனை.

பார்ப்பதற்கு வேண்டிய சாமான் என்னவென்றால் நெயில் பாலிஷ். நிறமில்லாத பாலிஷை இலையின் அடிப்பக்கம் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். காய்ந்ததும் அதன்மேல் செல்லோடேப் ஒட்டி மெதுவாக உரித்தால் இலைத் தோலின் அச்சு அப்படியே டேப்பில் வந்துவிடும். கண்ணாடித் துண்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வாய் தெரியும். அவள் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவாள். மற்ற நாளெல்லாம் பூசுகிறதும் உரிக்கிறதும் நான். ஒவ்வொரு டேப்பிலும் கொடியின் நிறத்தையும் மணியையும் எழுத வேண்டும். "மஞ்சள்" என்று எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. எந்த 'ள்' என்பதில் தகராறு.

பாட்டில் தீர்ந்துபோன அன்று நானே கடைத்தெருவுக்குப் போனேன். வளைகுடாவில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு வந்து ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிற பாய் கடை.

"வாங்கண்ணே, என்ன வேணும்?"

"நெயில் பாலிஷ், பாய்."

வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வளையலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"என்ன கலருண்ணே?"

"கலரே இருக்கக் கூடாது. தண்ணி மாதிரி."

"அக்காவுக்கா?"

"நெல்லுக்கு."

பாய் அசரவில்லை. "அங்க ஒட்டகத்துக்கு அழகுப் போட்டி வச்சுப் பாத்திருக்கேன். நெல்லுக்கு இப்பத்தான் கேக்குறேன். எத்தனை பாட்டில்?"

"ஆறு."

"பெரிய குடும்பம்தான்," என்று கட்டிக் கொடுத்தார்.

அதில் ஒன்று சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"யாருக்குய்யா இது?"

"நெல்லுக்கு."

"அவளுக்கு எந்த ஊரு?"

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நேரே வயலுக்கே வந்துவிட்டாள். நான் அப்போது பாத்திக்குள் மண்டி போட்டு, ஒரு இலையைத் திருப்பிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பூசிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் வரப்பிலேயே நின்று பார்த்தாள்.

"கட்டிக்கிட்டு இருபத்தெட்டு வருஷமாவுது," என்றாள். "என் கால் வெரலக்கூட நீ இப்புடிப் புடிச்சுப் பாத்ததில்ல."

"உனக்கும் வேணும்னா பூசி உரிச்சுப் பாக்குறேன். வாய் எப்ப மூடுதுன்னு தெரிஞ்சா எனக்கும் நல்லதுதான்."

தூக்கின் அடிப்பக்கம் முதுகில் பட்டது. உள்ளே சூடான குழம்பு என்பதால் மெதுவாகத்தான் பட்டது.

முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்க வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. முதலில் என் இமை மயிரைத்தான் பார்த்து, "எவ்ளோ பெரிய காடு!" என்றேன். அவள் எதையோ திருகினாள். அப்புறம் தெரிந்தது. வரிசை வரிசையாக, பாய் பின்னினாற்போல. அந்தப் பின்னலுக்கு நடுவில் சின்னச் சின்னதாக இரண்டிரண்டு உதடு, இடையில் ஒரு பிளவு.

"இது காலையில எடுத்தது. தெறந்திருக்கு பாருங்க," என்றாள். இன்னொரு கண்ணாடியை வைத்தாள். "இது அதே ரகம், காலேஜ்ல தொட்டியில வச்சுக் காயப்போட்டது, மத்தியானம் எடுத்தது."

பிளவைக் காணோம். ஒரு கோடுதான் இருந்தது.

"யாரு மூடுனா?"

"அதுவேதான். மண்ணு காய ஆரம்பிச்சா வேரு மேல சேதி அனுப்பிடும், தண்ணி இல்லன்னு. அந்த ரெண்டு உதட்டுலயும் தண்ணி நெறஞ்சிருந்தா வெறச்சுத் தெறக்கும். சேதி வந்ததும் அந்தத் தண்ணிய வெளிய விட்டுட்டுத் தொய்ஞ்சு மூடிக்கும். தெறந்திருந்தா உள்ள இருக்குற ஈரமெல்லாம் வெயில்ல ஆவியாப் போயிடும்ல?"

"மூடிக்கிட்டா பொழச்சுக்கும். நல்ல புத்திதான்."

"அங்கதான்ணே சிக்கல். காத்தும் அந்த வாய் வழியாத்தான் உள்ள போகணும். காத்து போகலன்னா சாப்பாடு செய்ய முடியாது. தெறந்தா தாகம், மூடுனா பசி."

நான் மறுபடியும் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தேன்.

தண்ணீரை நிறுத்தினோம். ஆவணி வெயில். அந்த வேலையில் உட்காருவது இருக்கும் என்று நினைத்தேன் பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும். காலையில் முப்பத்தாறு பாத்தி, உச்சி வெயிலில் மறுபடியும் முப்பத்தாறு பாத்தி. குனி, திருப்பு, பூசு, காத்திரு, உரி. பாலிஷ் வாடையில் தலை வலிக்கும். இரவு படுத்தால் கண்ணுக்குள் இலை இலையாகப் போகும். நடுவில் ஒரு நாள் மேகம் கறுத்து நாலு தூற்றல் விழுந்தது. ஊரே வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறது, நான் மட்டும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறேன், பயிர்மேல் மழை பட்டுவிடாமல் மூடுவதற்கு. ரோட்டில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். நெல்லுக்குக் குடை பிடித்தவன் என்று எனக்கு ஒரு பட்டம் வந்தது. இதற்கு முன்னால் இருந்த பட்டங்களுக்கு அது தேவலாம்.

ஒன்பதாம் நாள் பத்தாம் நாளில் மண் வெடித்துவிட்டது. விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. மத்தியானத்தில் இலையெல்லாம் சுருண்டு ஊசி ஊசியாக நின்றது. அந்த நேரம் பார்த்துப் பயிர் பொதி கட்டிவிட்டது. உள்ளே கதிர் உருண்டு தண்டு வீங்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் அதைச் சூல் பயிர் என்போம். பங்குத் தண்ணீருக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன்கூட, எதிராளி "எனக்குச் சூல் பயிருய்யா" என்று சொன்னால் மடையை விட்டுக்கொடுத்துவிடுவான். அப்புறம் வீட்டுக்குப் போய்த் திட்டுவான், அது வேறு.

கொட்டகை வாசலில் நான் சாப்பிட உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே இருந்த பாத்தி மஞ்சள் கொடி. நான் சோற்றைப் பிசைவேன். அது சுருண்டு நிற்கும். நான் தண்ணீர் குடிப்பேன். அது நிற்கும். இடம் மாறி உட்காரலாம் என்றால் வேறு எங்கும் நிழல் இல்லை.

அந்த வாரம்தான் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ரோட்டில் வர ஆரம்பித்தார்கள். காவி உடுப்பும் கொப்புளம் போட்ட காலுமாக ஒரு கூட்டம் கொட்டகைக்கு வந்து, "தண்ணி இருக்குமாங்க?" என்றது. மோட்டார்த் தொட்டியில் குடம் குடமாக மொண்டு கொடுத்தேன். குடித்தார்கள், முகம் கழுவினார்கள், காலில் ஊற்றிக்கொண்டார்கள். ஒரு அம்மா, "நீங்க நல்லா இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் போனபின் குடத்தில் அரைக் குடம் மிச்சம் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் கொடி நின்றது. யார் யாருக்கோ கொடுத்தாய், ஊர் பேர் தெரியாதவன் காலுக்குக்கூட ஊற்றினாய் என்று அது கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்டது.

அரைக் குடத்தையும் வெடிப்புக்குள் ஊற்றினேன். பூமி சத்தம் போட்டுக் குடித்தது. அப்புறம் இன்னொரு குடம். அப்புறம் இன்னொன்று.

இதோடு நிறுத்தியிருந்தால் பிழை பாதியோடு போயிருக்கும். நான்தான் நியாயஸ்தன் ஆயிற்றே. மஞ்சள் கொடி வயலில் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரே ரகம், ஒன்றுக்குள் ஒன்று. ஒருத்தனுக்கு ஊற்றி மற்ற இரண்டு பேரைப் பட்டினி போட்டால் அது ஓரவஞ்சனை இல்லையா? தேடிப் போய் அந்த இரண்டுக்கும் ஊற்றினேன். அன்றிலிருந்து அந்தப் பெண் திருவாரூர் பஸ் ஏறுகிற ஒவ்வொரு சாயங்காலமும் மூன்றுக்கும் குடத்தால் ஊற்றினேன். வெடிப்புக்குள் ஊற்றியதால் மேல்மண் காய்ந்தே கிடந்தது. மண்ணில் குத்தி ஈரம் பார்க்கிற கருவி காலேஜில் வேறு யாரிடமோ மாட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஒரு கண்ணாடியை எடுப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். அப்புறம் வெளியே ஓடிப்போய் மஞ்சள் கொடியைப் பார்த்தாள். இன்னொரு மஞ்சள் கொடிக்கு ஓடினாள். மூன்றாவதுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"அண்ணே! மத்ததெல்லாம் மத்தியானம் வாய மூடிக்கிச்சு. மஞ்ச மட்டும் தெறந்தே இருக்கு. எல சுருளவும் இல்ல. மூணு பாத்தியிலயும் அப்படித்தான்ணே! ஒன்னுன்னா தப்புன்னு விட்டுடலாம். மூணும் ஒரே மாதிரி சொல்லுது!"

மூன்றும் ஒரே மாதிரி சொல்லாமல் என்ன செய்யும்? ஊற்றினவன் அவ்வளவு நியாயஸ்தன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருஷம் தண்ணீரும் ஆடும் தின்ற முகம், அன்றைக்குத்தான் சிரிக்கிறது. "நல்ல நெல்லுதான் தங்கச்சி," என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். தண்ணீரை மட்டும் அன்றோடு நிறுத்தினேன். ஆனால் அடுத்த சில நாளிலேயே மூன்று வாரமும் முடிந்து, எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் விடுகிற நாளும் வந்துவிட்டது. பொதி கட்டுகிற நேரத்தில் மஞ்சளுக்கு மட்டும் தாகம் தெரியவில்லை. அறுவடையில் அதுதான் கூடுதலாகக் கண்டது.

மூடின வாய்க்குப் பசி வரும் என்று அவள் சொன்னது எனக்கு அப்படியே பலித்தது. சாப்பாடு இறங்கவில்லை. "என்ன, பாலிஷ குடிச்சிட்டியா?" என்றாள் மனைவி.

என்னைப் பேச வைத்தவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. அவன் வயல் எங்களுக்கும் கீழே, வாய்க்கால் முடிகிற இடத்தில். டீக்கடையில் நான் ஒரு நாள் பெருமைக்குச் சொன்னதை எவனோ அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாமா, அந்த மஞ்சக்கொடி நெல்லு தண்ணியே கேக்காதாமே? எனக்கு வெத நெல்லு வாங்கிக் குடுங்க. அடுத்து வர்ற தாளடிப் போகத்துக்கு அதையே போட்டுடறேன். முறைத் தண்ணிக்கு ராத்திரியும் பகலும் இவனுங்களோட மல்லுக்கட்ட என்னால ஆவல. என் முறைய மேலத்தெருக்காரனுக்கே விட்டுடலாம்னு இருக்கேன்."

"அவசரப்படாத மாப்ள," என்றேன்.

"நீங்கதான மாமா சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். அந்தப் பெண்ணும் அதையேதான் சொல்லப் போகிறாள், புத்தகத்தில் எழுதி, பெரியவர்கள் முன்னால் நின்று. நான் டீக்கடையில் சொன்னால் ஒருத்தன் ஏமாறுவான். அவள் எழுதினால்?

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் லட்டு டப்பாவோடு வந்தாள். வெள்ளிக்கிழமை காலேஜில் எல்லாரும் இருக்கிற கூட்டத்தில் மஞ்சள் ரகத்தைப் பற்றிச் சொல்லப் போகிறாள்.

"உங்க பேரையும் போடுறேன்ணே, நன்றின்னு. நீங்க இல்லன்னா இந்த ரிசல்ட்டே வந்திருக்காது."

அதைவிட உண்மையான வார்த்தையை யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. லட்டு கையிலேயே நின்றது.

"மேடம்," என்றேன்.

நான் மேடம் என்றதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மஞ்சளுக்கு நான் கொஞ்சம் தண்ணி காட்டிட்டேன்."

"எப்போ?"

"நீங்க பஸ் ஏறுன அன்னிக்கெல்லாம்."

"எவ்ளோ?"

"குடத்தாலதான்."

"எத்தனை குடம்ணே?"

"எண்ணல. பாத்திக்கு எட்டு பத்து இருக்கும்."

"மூணு பாத்திக்குமா?"

"மூணுக்கும். ஓரவஞ்சனை கூடாதுன்னு."

அவள் கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலாம். என் பிழைப்பே திட்டு வாங்குவதுதான், அது எனக்கு வரும். அவள் வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுத்துப்போட்ட தாள்தான் இருந்தது. கொடிகள் மட்டும் இன்னும் நின்றன.

"ஏண்ணே?"

"சூல் பயிரு, மேடம்."

"எல்லாமே சூல் பயிருதானேண்ணே," என்றாள். குரல் உயரவே இல்லை. "மிச்சம் முப்பத்து மூணு பாத்தியும் அப்ப சூலாத்தான இருந்துச்சு? அதுங்களுக்கு ஏன் ஊத்தல?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் நான். இதற்கு உள்ளதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அதுதான் என் கண்ணு முன்னாடி நின்னுச்சு."

அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நிழல் இல்லாத இடத்திலேயே நின்றாள். நான் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போய்ப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு இப்படித்தான் புத்தி போகிறது.

அப்புறம் மாசக்கணக்கில் அவள் வரவில்லை. மச்சினனிடம் போய்ச் சொன்னேன். "மாமா, உங்கள நம்பி முறைத் தண்ணிய விட்டிருந்தா நான் நாண்டுக்கிட்டுத்தான் நின்னிருக்கணும்," என்று கத்திவிட்டு, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவி மட்டும் திட்டவில்லை. மிச்சமிருந்த லட்டை எண்ணிப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு இத வச்சிருந்து குடுக்கவா முடியும்?" என்று அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். நான் பழையபடி தெருவில் உட்கார்ந்தேன். யாராவது "என்ன, நெல்லுக்கு மேக்கப் போடலியா?" என்று கேட்டால், "அது இப்ப புருஷன் வீட்டுக்குப் போயிடுச்சு," என்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போனபின் முழங்கால் வலிக்கும்.

இந்த வருஷம் நாற்று விடுகிற சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலிருந்து தொப்பி இறங்கியது. முகம் இளைத்திருந்தது.

"கெஞ்சி இன்னொரு போகம் வாங்கியிருக்கேண்ணே. இதுதான் கடைசி. இதுக்கு மேல கேக்க முடியாது," என்றாள். கூட்டத்தில் மஞ்சளைப் பற்றி அவள் சொல்லவில்லையாம். காவலுக்கு இருந்தவர் தண்ணீர் ஊற்றிவிட்டார், இந்த வருஷக் கணக்கு செல்லாது என்று எழுந்து நின்று சொன்னாளாம். சிரித்தவர்கள் சிரித்தார்களாம்.

"இன்னொரு ஆளு பாத்துக்க வேண்டியதுதான தங்கச்சி?"

"பாத்தேன். ரெண்டு பேருகிட்ட கேட்டேன். அவங்களும் ஊத்தத்தான் செய்வாங்க. ஊத்துனத வந்து சொல்லுவாங்களான்னு தெரியல."

அவ்வளவுதான் சொன்னாள். பையிலிருந்து புதுப் பாலிஷ் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தாள். கொட்டகையில் இருந்த குடத்தை எடுத்துத் தன் பையில் திணித்தாள். குடிக்க ஒரு சின்ன பாட்டில் போதுமாம். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் வந்தால் பக்கத்துக் கடையைக் கைகாட்டிவிட வேண்டுமாம். மண்ணில் குத்தி ஈரம் பார்க்கிற கருவியும் இந்தத் தடவை வந்துவிட்டது. "உங்கள நம்பாம இல்லண்ணே, இதுதான் முறை," என்றாள். அந்தக் கருவியைத் தினமும் முப்பத்தாறு இடத்தில் குத்துகிற வேலையும் எனக்கே வந்தது. செய்வதை அன்றன்றைக்கு எழுத ஒரு நோட்டும் கொடுத்தாள். இந்தக் கதையும் அதன் கடைசிப் பக்கங்களில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் பார்த்தால் பார்க்கட்டும்.

தண்ணீரை நிறுத்தி இன்றோடு பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை; தங்கச்சியும் வயலில்தான் நிற்கிறாள். மண் வெடித்தாயிற்று. சீட்டுக் குலுக்கியதில் இந்த வருஷம் என் எதிரே வந்திருப்பது நீலக்கொடி. போன வருஷத்து மஞ்சள் எங்கெங்கோ மூலையில், எல்லாரையும் போலச் சுருண்டு நிற்கிறது. அதற்கு விசேஷமாக ஒன்றும் இல்லை. பாவம், அதுவும் சாதாரண நெல்தான். மத்தியானம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முப்பத்தாறும் கோடுதான். வாயை மூடிக்கொண்டு, பசியோடு, தங்கள் பாட்டுக்கு நிற்கின்றன. பார்க்கப் பார்க்க எனக்குக் கண் அசந்துவிடுகிறது. தூக்கம் இல்லை, அசதி.

நேற்று என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். நான் கொட்டகைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னய்யா, செவுத்தப் பாத்துத் திங்கிற? கோவமா?"

"நீலம் பாக்குது."

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். தண்டு வீங்கியிருப்பது அவளுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? அப்புறம் தொட்டிப் பக்கம் போய்த் தூக்கைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகும் தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தால், தளும்பத் தளும்பத் தூக்கை எடுத்துக்கொண்டு நீலக்கொடியைப் பார்த்து நடக்கிறாள். எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். என் முழங்கால் ஓடி நானே பார்த்து ரொம்ப நாளாகிறது. வரப்பில் வைத்துக் கைப்பிடியைப் பிடித்தேன். அவள் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, தண்ணீர் முழுக்க என் காலில் கொட்டியது. பாத்திக்குள் ஒரு சொட்டு போகவில்லை.

"ஒரு தூக்குத் தண்ணிய்யா," என்றாள். மூச்சு வாங்கியது. "போன வருஷம் இதே கையால நீதான ஊத்துன? இப்ப நீயே தடுக்கிற. அப்புடி என்னதான் கண்டுட்ட அந்தப் பூதக்கண்ணாடில?"

நான் காலியான தூக்கை வாங்கி வரப்பில் வைத்தேன். அவளையும் உட்காரச் சொன்னேன். "இந்தா பாரு, அந்தப் புள்ள நாலு வருஷமா," என்று ஆரம்பித்தேன். அதற்கு அவள்…

"அண்ணே! பன்னெண்டு ஆச்சு! எழுதுனது போதும், வாங்க! பாட்டில் மட்டும் எடுத்துட்டு வாங்க. வேற எதையும் கையில எடுக்காதீங்க!"